அந்திமகாலத்து நோயாளரும் அவர்தம் இல்லத்தாரும்

மகிழ்ச்சிக்குரிய விழா மலரொன்றிலே மரணத்தை அண்மித்தோரைப் பற்றி எழுதப் புகுதல் பொருந்துமோ என வாசகர் சிலர் ஐயுறுதல் கூடும். நாமும் முதலில் அவ்வாறே ஐயுற்றோம். ஆயினும், இவ்விழாவையொட்டி எம்மோடு ஒரு வகுப்பிலிருந்து படித்தோரின் பெயர்களை எழுதிப் பார்த்தபோது, அவருட் பலர் இன்று தாய் தந்தையரின் கட்டிலருகே விழித்திருப்போராயும், சிலர் தாமே கட்டிலிற் கிடப்போராயும் இருத்தலைக் கண்டோம். கல்லூரியிலே கணிதமும் இலக்கணமும் கற்றோம். உயிர் பிரியுங் காலத்தை அடைந்த ஒருவரின் பக்கத்தில் எவ்வாறு அமர்வது, அவரைக் காக்கும் இல்லத்தாருக்கு எவ்வாறு துணை செய்வது என்பவற்றை எமக்கு எவரும் கற்பித்திலர். அக்குறையைச் சிறிதளவேனும் நீக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹொஸ்பிஸ் தோன்றிய வரலாறு

நோயை மாற்றுதல் இனி இயலாது என்னும் நிலையில், நோயாளரின் துன்பத்தைத் தணித்து, அவர் எஞ்சிய நாட்களை அமைதியோடு வாழ வழிசெய்யும் நிலையத்தை மேனாட்டார் ஹொஸ்பிஸ் என்பர். விருந்தினனையும் விருந்தோம்புவோனையும் ஒருங்கே குறிக்கும் இலத்தீன் சொல்லின் அடியாகப் பிறந்தது இச்சொல். முற்காலத்திலே தலயாத்திரை செய்வோர் தங்கி இளைப்பாறிய மடங்களை அது சுட்டிற்று. பின்னர், 1879ஆம் ஆண்டில் அயர்லாந்தின் டப்ளின் நகரிலும், 1905ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் கிழக்கே ஹக்னியிலும் கத்தோலிக்கக் கன்னியர் அமைத்த இல்லங்கள், மரணத்தை அண்மித்த வறியோரை ஏற்றுப் பேணின.

இக்காலத்து முறைக்கு வித்திட்டவர் சிசிலி சாண்டர்ஸ் என்னும் ஆங்கில மாது ஆவர். 1918ஆம் ஆண்டிற் பிறந்த இவர் முதலில் தாதியாகப் பயின்றார். முதுகு நோவினால் அத்தொழிலை விட்டு, வைத்தியசாலையிற் சமூகசேவை உத்தியோகத்தராயினார். அப்பொழுது டேவிட் தஸ்மா என்னும் போலந்து நாட்டு யூத அகதியொருவர் புற்றுநோயுற்று அங்கே கிடந்தார். உற்றார் எவருமற்ற அவரோடு சிசிலி அம்மையார் பல நாள் உரையாடினார். 1948ஆம் ஆண்டில் இறந்த அம்மனிதர், அம்மையார் ஒருநாள் அமைக்கவிருக்கும் இல்லத்திலே தாம் ஒரு யன்னலாக இருத்தல் வேண்டுமென்று கூறி, ஐந்நூறு பவுணை விட்டுச் சென்றார். அம்மையார் மீண்டும் மாணவியாகி, 1957ஆம் ஆண்டில் வைத்தியப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு முதல் ஹக்னி இல்லத்திற் பணிபுரிந்து, வலியைத் தணிக்கும் முறைகளை நுணுகி ஆராய்ந்தார். 1967ஆம் ஆண்டில் தென்னிலண்டனின் சிடன்ஹாம் பகுதியிலே சென் கிறிஸ்தோபர் ஹொஸ்பிஸ் திறக்கப்பட்டது. ஒரு யன்னலுக்கான பணம் முழு மனையாக வளர்வதற்குப் பத்தொன்பது ஆண்டுகள் சென்றன. 2005ஆம் ஆண்டிலே அம்மையார் தாம் நிறுவிய அவ்வில்லத்திலேயே உயிர் நீத்தார்.

ஹொஸ்பிஸ் என்பதை ஒரு கட்டடமாக மாத்திரம் கருதுதல் தவறு. சென் கிறிஸ்தோபர் இல்லத்தார் 1969ஆம் ஆண்டு முதலே நோயாளரின் வீடு தேடிச் சென்று பராமரிக்கத் தொடங்கினர். இன்று இம்முறை ‘நோய்த்தணிப்புப் பராமரிப்பு’ என்னும் பெயரோடு வைத்தியத்தின் ஒரு துறையாக வளர்ந்துள்ளது. அதனை நாடுதல் நம்பிக்கையைக் கைவிடுதல் ஆகாது. 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலிருந்து வெளிவந்த ஆய்வொன்று, முற்றிய நுரையீரற் புற்றுநோயுடைய 151 பேரை நோக்கிற்று. வழக்கமான சிகிச்சையோடு நோய்த்தணிப்புப் பராமரிப்பையும் ஆரம்பத்திலேயே பெற்றோர் மனச்சோர்வு குறைந்தவராய் இருந்தனர். மற்றையோரினும் ஏறத்தாழ இரண்டரை மாதங்கள் கூடுதலாக வாழ்ந்தும் இருந்தனர்.

வலி என்பது யாது?

சிசிலி அம்மையாரின் கொள்கைகளுட் தலையாயது ‘முழுவலி’ என்பதாகும். நோயாளரின் வலி நான்கு கிளைகளையுடையது. உடலின் நோவு ஒன்று. அச்சம், வெகுளி, துயரம் என்னும் மனநோவு இரண்டாவது. கடன், வேலையிழப்பு, மணமாகாத மகள், பிறர் கையாற் கழுவப்படும் நாணம் ஆகிய குடும்ப, சமூக நோவு மூன்றாவது. ‘எனக்கு ஏன் இது வந்தது? என் வாழ்வின் பயன் யாது?’ என்னும் ஆன்ம நோவு நான்காவது. இவை ஒன்றையொன்று வளர்ப்பன. மகளைப் பற்றிய கவலையால் உறங்காத தந்தைக்கு முதுகின் நோவு இரட்டிப்பாகும். மருந்தினால் மாத்திரம் அது தீராது. மகள் வந்து பக்கத்தில் அமர்ந்து பேசினால் ஓரளவு தீரும். ஆயின், உடல் நோவினாற் துடிக்கும் ஒருவரிடம் ஆறுதல் மொழி பேசுதலும் பயனற்றதே. முதலில் நோவைத் தணித்தல் வேண்டும்.

கடும் நோவுக்கு உற்ற மருந்து மோபீன் ஆகும். அதன் பெயரைக் கேட்ட மாத்திரத்தே நம்மவர் அஞ்சுவர். “அதைக் குடுத்தால் கதை முடிஞ்சுது” என்னும் பேச்சை நாம் பலகாற் கேட்டுள்ளோம். இது தவறான எண்ணம். வைத்தியர் நோவின் அளவறிந்து, சிறிது சிறிதாக உயர்த்திக் கொடுக்கும் மோபீன் உயிரைக் குறைப்பதில்லை. அம்முறையிற் பெறுவோர் அதற்கு அடிமையாதலும் அரிது. வாயால் உட்கொள்ளும் சாதாரண மோபீன் ஏறத்தாழ நான்கு மணித்தியாலமே வேலை செய்யும். ஆதலின் நோவு வந்தபின் கொடுத்தலன்று, வருமுன் மணிக்கணக்கின்படி கொடுத்தலே முறை. 1986ஆம் ஆண்டில் உலக சுகாதார தாபனம், எளிய மருந்திலிருந்து மோபீன் வரை மூன்று படிகளைக் கொண்ட முறையொன்றை வகுத்து, மணிப்படி கொடுத்தலை வற்புறுத்திற்று. மோபீன் உண்போருக்கு மலச்சிக்கல் ஏறக்குறைய தவறாமல் வரும். ஆகவே மலமிளக்கி மருந்தையும் முதல்நாளே வைத்தியரிடங் கேட்டுப் பெறுதல் வேண்டும். எம்மருந்து, எந்நேரம், எவ்வளவு, நோவு எவ்வாறு இருந்தது என்பவற்றை ஒரு கொப்பியிற் குறித்துவைத்தல் வைத்தியருக்குப் பேருதவியாகும். மருந்தைப் பூட்டி வைத்தலும், எஞ்சியதை வைத்தியசாலையிற் திருப்பிக் கொடுத்தலும் இல்லத்தார் கடமையாம்.

உண்மையை மறைத்தல்

இங்கே எம் அனுபவம் ஒன்றைக் கூறுதல் வேண்டும். எம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பரொருவர் சில ஆண்டுகளுக்கு முன் ஈரலிற் புற்றுநோயுற்றார். அவருக்கு நோயின் பெயரைச் சொல்லலாகாது என்பது வீட்டாரின் கட்டளை. நாமும் கட்டிலருகே அமர்ந்து கிரிக்கெட் ஆட்டத்தைப் பற்றியும், அடுத்த வருடத்துப் போட்டிக்குச் சேர்ந்து போவதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். ஒருநாள் மாலை மனைவியார் தேநீர் போடக் குசினிக்குச் சென்றவேளை நண்பர் மெல்லக் கூறினார்: “மச்சான், எனக்கு என்ன வருத்தமெண்டு எனக்குத் தெரியும். அவள் பாவம், அவளுக்குத் தெரியவேண்டாம்.” விடைபெற்று வரும்போது அவர் மனைவியார் படலை வரை வந்து கூறினார்: “அண்ணை, அவருக்கு ஒண்டும் தெரியாது. நீங்களும் சொல்லிப்போடாதேங்கோ.”

இரு இரகசியங்களையும் சுமந்துகொண்டு நாம் வீடு திரும்பினோம். இருவரும் ஒருவரையொருவர் காக்க எண்ணினர். அதனாலேயே இருவரும் தனித்தனியே அழுதனர். முடிச்சை அவிழ்க்கும் துணிவு எமக்கு இல்லாது போயிற்று. பதினோராம் நாள் அவர் இறந்தார். காணி உறுதி யாரிடம் ஈடாக இருந்தது என்பதையும், அவர் கொடுத்திருந்த கடன் எவ்வளவு என்பதையும் அவ்வம்மையார் பிறர் வாயாலேயே பின்னர் அறிந்தார். பணத்தின் இழப்பைப் பற்றி அவர் எம்மிடம் ஒருநாளும் முறையிட்டாரல்லர். “ஒரு சொல்லாவது கதைச்சிருக்கலாம்” என்பதே அவர் எம்மிடம் திரும்பத் திரும்பக் கூறியது.

ஆயின் உண்மையை எவ்வாறு சொல்லுதல்? எல்லாவற்றையும் ஒரே மூச்சிற் கொட்டுதல் கொடுமையாகும். அவர் ஏற்கெனவே அறிந்தது எவ்வளவு என்பதை முதலிற் கேட்டறிதல் வேண்டும். இன்னும் அறிய விரும்புகிறாரா என்பதை அடுத்து அறிதல் வேண்டும். விரும்பின், அவர் தாங்கும் அளவுக்குச் சிறிது சிறிதாக, எளிய சொல்லிற் கூறலாம். விரும்பாரேல் அவ்விருப்பத்தையும் மதித்தல் வேண்டும். அறிய விரும்பாமை அவர் உரிமை. பொய்யாற் சூழப்படுதல் அவர் தேர்ந்துகொண்டதன்று.

எலிசபெத் கூப்ளர்-ரொஸ் என்னும் வைத்தியர் 1969ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் மறுத்தல், வெகுளல், பேரம் பேசுதல், மனந்தளர்தல், ஏற்றல் என ஐந்து நிலைகளை விளக்கினார். இவை வரிசையாக ஏறுதற்குரிய படிகளல்ல. காலையில் ஏற்றவர் மாலையில் வெகுளலாம். அவ்வெகுளி பெரும்பாலும் மிக நெருங்கியவர் மீதே பாயும். சோறு ஊட்டும் மனைவி மீது கோப்பையை எறிபவர், உண்மையில் நோயின் மீதே அதனை எறிகின்றார்.

பார்க்கச் செல்வோர் நின்றபடி பேசாது, கதிரையை இழுத்து அமர்தல் நன்று. “ஒன்றுமில்லை, எல்லாம் சுகமாகும்” என்னுஞ் சொல் நோயாளரின் வாயை அடைத்துவிடும். “இப்பொழுது மனத்தை அதிகம் வருத்துவது எது?” என்று கேட்டுவிட்டு, விடை வருமட்டும் பொறுத்திருத்தல் அதனினும் மேலானது. விடை வராவிடின் கையைப் பற்றி வாளாவிருத்தலும் பேச்சேயாகும். வந்திருந்து நெடுநேரம் தங்குதலும், பிறருடைய மரணக் கதைகளை விரித்தலும், புதிய மருந்துகளைப் பரிந்துரைத்தலும் தவிர்க்கத்தக்கன.

கட்டிலருகே செய்யத்தக்கன

படுக்கையிற் கிடப்போரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிக் கிடத்துதல் வேண்டும். குதிக்கால், இடுப்பு, முதுகின் அடியெலும்பு ஆகிய இடங்களிலே தோல் சிவந்துள்ளதா என நாள்தோறும் நோக்குக. படுக்கை விரிப்பிற் சுருக்கம் இருத்தலாகாது. காற்று மெத்தை கிடைப்பின் நன்று. வாயை மெல்லிய பிரஷினாலோ ஈரத்துணியினாலோ அடிக்கடி துடைத்து, உதட்டை நனைத்துவைத்தல் நோயாளருக்குப் பெருஞ் சுகந் தரும். மூச்சு முட்டுவோரைத் தலையணைகளாற் சாய்த்து இருத்தி, முகத்திற் காற்றுப் படும்படி விசிறுதலும் ஓரளவு ஆற்றும்.

உணவைப் பற்றி ஒன்று கூறல் வேண்டும். நம் இல்லங்களிலே அன்பு சோற்றின் வடிவிலேயே பரிமாறப்படுவது. ஆகவே நோயாளர் உண்ணாதபோது இல்லத்தார் தம் அன்பே புறக்கணிக்கப்பட்டதாக எண்ணி வருந்துவர். இறுதிக் காலத்திலே பசி குறைதல் நோயின் இயல்பு. உண்ணாமையால் அவர் இறக்கின்றாரல்லர். இறக்கும் நிலையை அடைந்தமையாலேயே உண்ணாதிருக்கின்றார். வற்புறுத்தி ஊட்டினால் ஓங்காளமும் புரையேறுதலுமே விளையும். விரும்பியபோது இரண்டு கரண்டி கஞ்சி போதும். அக்காலத்திற் சேலைன் ஏற்றுதலும் வாய் உலர்வைப் போக்குவதில்லை. சிலருக்கு வீக்கத்தையும் மார்புச் சளியையும் பெருக்கும்.

கடைசி நாட்களில் உறக்கம் மிகும், கைகால் குளிரும், மூச்சு விட்டுவிட்டு வரும், தொண்டையிற் சளி கறகறக்கும். இவ்வொலி பார்ப்போரை அச்சுறுத்தினும், உணர்விழந்த நோயாளரை அது பெரும்பாலும் வருத்துவதில்லை. ஒரு பக்கமாகத் திருப்பிக் கிடத்தினால் ஒலி குறையும். பால் பருக்குதல் நம்மவரின் வழக்கம். உணர்வில்லாதவரின் வாயில் வார்க்கும் பால் நுரையீரலுட் செல்லக்கூடும். ஒரு துளியால் உதட்டை நனைத்தாலே வழக்கமும் நிறைவேறும், துன்பமும் நேராது. செவிப்புலன் இறுதிவரை நிலைத்திருக்கக்கூடும். ஆதலின் கட்டிலைச் சுற்றி நின்று செத்தவீட்டு ஏற்பாடுகளைப் பேசுதல் ஆகாது. அவர் விரும்பிய தேவாரத்தை மெல்லப் பாடுதலும், பேரப்பிள்ளையின் குரலைக் கேட்பித்தலும் தகும்.

காப்போரைக் காத்தல்

நோயாளர் ஒருவர் படுக்கையில் வீழ்ந்தால், அவரைக் காப்பவரும் உறக்கமின்மையால் நோயாளராதல் நாம் காண்பதே. பெரும்பாலும் இச்சுமை ஒரு மனைவி மீதோ ஒரு மகள் மீதோ முழுதும் விழும். இரவு விழிப்பவர் யார், மருந்து எடுத்து வருபவர் யார், வருவோருக்குப் பதிலிறுப்பவர் யார் என முன்னரே பங்கிடுதல் வேண்டும். காப்பவர் வாரத்தில் அரைநாளேனும் வெளியே சென்று வருதல் சுயநலம் ஆகாது.

நம் குடும்பங்களுக்கு இன்று வேறொரு துன்பமும் உண்டு. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருப்பர். முதிய தாயொருத்தி மாத்திரம் முதிய தந்தையைப் புரட்டிக் கிடத்துவாள். தூரத்திலிருப்போர் தம் குற்றவுணர்வைக் கட்டளைகளாக மாற்றித் தொலைபேசியில் அனுப்புதலும், ஒரு பிள்ளை கொழும்புக்குக் கொண்டு செல்க என மற்றொரு பிள்ளை வேண்டாம் என்றலும் நிகழ்வன. இவ்வாறான வீட்டில் வைத்தியரோடு பேசுவோர் ஒருவராகவே இருத்தல் வேண்டும். நோயாளர் தெளிவோடு இருக்கும்போதே, எங்கே இருக்க விரும்புகிறார், எச்சிகிச்சையை வேண்டார் என்பவற்றை அவரிடமே கேட்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரேநேரத்தில் அறிவித்தல் பல பிணக்குகளைத் தவிர்க்கும். தூரத்துப் பிள்ளைகள் செய்யத்தக்க நல்லுதவி, இரவிலே துணையிருக்க ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்துதலும், தாயின் சொல்லைக் குறுக்கிடாது கேட்டலுமாம்.

சிறுவரை ஒதுக்கி வைத்தல் தவறு. ‘அப்பப்பா நித்திரை’ என்று கூறப்பட்ட பிள்ளை நித்திரைக்கே அஞ்சும். இறப்பை இறப்பென்றே எளிய சொல்லில் உரைத்து, அப்பிள்ளையின் குற்றத்தால் அது நேரவில்லை என்பதையும் தெளிவித்தல் வேண்டும்.

எழுத்து அலுவல்களும் ஆறுதலின் பகுதியே. உறுதிகள், வங்கிப் புத்தகங்கள், காப்புறுதி, ஓய்வூதியம், கொடுக்கல் வாங்கல் என்பவற்றை ஒரு தாளிற் குறித்து வைத்தல் வேண்டும். நம் நாட்டிலே 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, மரணசாதனம் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு, அல்லது நொத்தாரிசு இன்றி ஐந்து சாட்சிகளோடு ஒப்பமிடப்படுதல் வேண்டும். மனத்தெளிவு உள்ளபோதே அது செய்யத்தக்கது.

மரணத்தின் பின்னும் இப்பணி முடிவதில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரை வீட்டில் ஆள் நிறைந்திருக்கும். முப்பத்திரண்டாம் நாள் அவ்வீடு வெறுமையாகும். துயர் தன் முழு உருவோடு வருவது அன்றுதான். அதன்பின் ஒரு மாலைப்பொழுதிற் சென்று, இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசியிருப்போர் மிகச் சிலர். அச்சிலரையே அவ்வீட்டார் மறவாதிருப்பர். மாதங்கள் பல சென்றும் உணவும் உறக்கமுமின்றி ஒருவர் வாடுவாராயின் வைத்தியரை நாடச் செய்தல் வேண்டும்.

அயலவர் செய்த அரும்பணி

இவையெல்லாம் செல்வ நாட்டாருக்கே இயலும் என்பார்க்குக் கேரளம் விடையாகும். 1993ஆம் ஆண்டில் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியிலே டொக்டர் இராஜகோபால், டொக்டர் சுரேஷ் குமார் முதலியோர் வலித்தணிப்புச் சங்கமொன்றைத் தொடங்கினர். வைத்தியசாலைக்கு வரவியலாதோரே மிகுதி என்பதை அவர்கள் விரைவில் உணர்ந்தனர். ஆகவே தத்தம் ஊரிற் படுக்கையிற் கிடப்போரைக் கண்டறிந்து பேணும் பொறுப்பை ஊராரே ஏற்கும் அயலவர் வலையமைப்பு உருவாயிற்று. சிறு பயிற்சி பெற்ற தொண்டர்கள் வீடு வீடாகச் செல்வர். தாதி ஒருவர் உடன் செல்வார். வைத்தியர் பின்னின்று வழிநடத்துவார். சில வீடுகளுக்கு மருந்தினும் அரிசியும் பிள்ளைகளின் பாடசாலைச் செலவும் முதலில் தேவை என்பதையும் கண்டு அவற்றையும் வழங்கினர். செலவின் பெரும்பகுதி ஊராரின் சிறு நன்கொடைகளாற் சேர்ந்தது. 2008ஆம் ஆண்டில் கேரள அரசு இதற்கெனக் கொள்கையொன்றை வெளியிட்டு, உள்ளூராட்சி மன்றங்களையும் இதில் இணைத்தது.

நம் நாட்டிலும் முயற்சிகள் உள. 2011ஆம் ஆண்டில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து நிதி திரட்டியோரின் உழைப்பால், தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை 2013ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 2019 முதல் 2023 வரையான காலத்துக்கென நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கான தேசியத் திட்டமும் வகுக்கப்பட்டது. ஆயினும் உலக அளவில் ஆண்டுதோறும் இப்பராமரிப்பை வேண்டி நிற்போர் 5 கோடியே 68 இலட்சம் பேர் எனவும், அதனைப் பெறுவோர் நூற்றுக்குப் பதினால்வர் அளவினரே எனவும் உலக சுகாதார தாபனம் மதிப்பிட்டுள்ளது. வைத்தியசாலைகளின் வாயிலுக்கும் நோயாளரின் கட்டிலுக்கும் இடையேயுள்ள தூரத்தை அயலவரே கடத்தல் வேண்டும்.

பழைய மாணவராகிய நாம் செய்யத்தக்கது யாது? பெருங் கட்டடம் எழுப்புதல் வேண்டுவதன்று. ஒவ்வோர் ஊரிலும் நம்மவருள் நால்வர் ஐவர் சேர்ந்து, அங்கு படுக்கையிற் கிடப்போர் யாவர் என அறிதல் முதற்பணி. சக்கர நாற்காலி, காற்று மெத்தை, மலசல நாற்காலி என்பவற்றை வாங்கிவைத்து இரவல் கொடுத்தல் இரண்டாவது. கிளினிக் நாளில் வாகனம் ஒழுங்கு செய்தல் மூன்றாவது. காப்பவர் கோயிலுக்கோ சந்தைக்கோ சென்றுவர, அரைநாள் கட்டிலருகே இருத்தல் நான்காவது. மருந்து கூறுதல் எம் வேலையன்று. கேட்ட இரகசியத்தை வெளியிடாமை எம் நெறியாதல் வேண்டும். வெளிநாட்டு நண்பர் பணம் அனுப்பலாம். இங்குள்ளோர் நேரத்தை வழங்கலாம்.

எம் நண்பரின் மனைவியார் இன்றும் அவ்வீட்டிலேயே உள்ளார். இக்கட்டுரையை எழுதுமுன் அவரிடம் அனுமதி கேட்கச் சென்றோம். “எழுதுங்கோ அண்ணை. ஆனால் ஆர் எண்டு போடாதேங்கோ. ரண்டு பேரும் கதைக்கவேணும் எண்டு மட்டும் எழுதுங்கோ” என்றார். அவர் சொல்லை ஈண்டு எழுதிவிட்டோம். அன்று படலையில் நின்று நாம் அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதும் அதுவே.